குரலுக்குப் பத்தில் எத்தனை

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்து, இப்போது அங்கே பயிற்சிப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் ரமணி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். எங்கள் பிள்ளைகள் இங்கே எப்படிக் கதைத்தாலும், இங்கிலாந்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் காதில் அது அந்த நாட்டுக்காரர் கதைப்பதுபோல விழுமாம். "இனிக் குரலுக்கு மாக்ஸ் போடுற வேலையே இல்லை மிஸ். அந்த வேலையைத் தொடங்கினதே நீங்கள்தானே. எங்கட சஞ்சிகைக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன். சந்தோஷமான விஷயமா இருந்தா நல்லது."

சந்தோஷமான விஷயமாம். வந்த எரிச்சலில், ஊற்றி வைத்த தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டேன். பதினாறு வருடம் நான் செய்த வேலை என்ன? ஒரு மனிசர் வாய் திறந்ததும் அவரை எந்தத் தட்டில் வைப்பது என்று தீர்மானிப்பது. இப்போது ஒரு யந்திரம் வாயையே மாற்றிக் கொடுக்கிறதாம், அதற்கு ஒரு விழா வேறு. நான் எழுதுவதை ரமணி அச்சில் போடமாட்டாள் என்று தெரியும். கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

என் பெயர் யோகேஸ்வரி. அலுவலகத்தில் யோகா மிஸ். கொழும்பில் எங்கட யாழ்ப்பாணத்து ஆட்கள் நிறைய இருக்கும் வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வயதில் அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சி ஆறு கிழமை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. காதில் ஒன்றை மாட்டிவிட்டு ஆயிரம் தரம் ஒரே பதிவைப் போட்டுக் காட்டினார்கள், நானும் கேட்டேன்.

வேலை இதுதான். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஒரு கொதிகலன் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதும், குளிக்கச் சுடுதண்ணீர் தருவதும் அதுதான். அது பழுதானால் ஆளனுப்பித் திருத்திக் கொடுப்பதாக மாதக் கட்டணத்துக்கு ஒப்பந்தம் எழுதும் ஒரு கம்பனி, தன்னுடைய தொலைபேசிகளைக் கொம்பனித்தெருவில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்குத் திருப்பிவிட்டிருந்தது. அவர்களுக்குக் காலை விடியும்போது எங்களுக்கு மத்தியானம். ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக இருந்து கதைக்கத் தொடங்குவார்கள். எல்லா அழைப்பும் பதிவாகும். அவற்றில் கணினி எழுந்தமானமாகச் சிலவற்றைப் பொறுக்கி எனக்கு அனுப்பும். நான் அதைக் கேட்டு, இருபது வரிகள் கொண்ட ஒரு தாளில் புள்ளி போடவேண்டும். வணக்கம் சொன்னாளா, பெயரைச் சரியாகச் சொன்னாளா, கேட்கவேண்டியதைக் கேட்டாளா, கேட்கக்கூடாததைக் கேட்காமல் விட்டாளா. பதினோராவது வரி 'குரல் பொருத்தம்'. பத்துக்குப் புள்ளி.

மற்றப் பத்தொன்பது வரிக்கும் விளக்கப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விதி இருந்தது. பதினோராவது வரிக்கு ஒரு வசனம்தான் இருந்தது. மதிப்பிடுபவரின் செவிக்கு விடப்படுகிறது. அவ்வளவுதான். அந்தச் செவி என்னுடையது.

எங்களுக்கு மேலாளராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் டெரெக். ஐம்பது வயது, ஒல்லி, மேசையில் ஒரே உயரத்துக்குச் சீவிய நாலு பென்சில். பதிவு கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிழை ஒன்று காதில் பட்டால் வலது கைச் சுட்டுவிரல் மெல்ல எழும்பும். கதை முடியுமட்டும் அந்த விரல் இறங்காது. இரண்டாவது பிழைக்கு இரண்டாவது விரல். ஒருநாளும் சத்தம் போட்டவர் அல்ல. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சத்தம் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய காது ஒரு அதிசயம். இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'ஹலோ' சொன்னால் போதும், எந்தப் பகுதி, எப்படிப்பட்ட பள்ளிக்கூடம், தகப்பன் கையால் உழைத்தவரா மேசையில் இருந்து உழைத்தவரா என்று சொல்லிவிடுவார். கிழமைக்கு ஒருநாள் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பின்னேரச் சாப்பாட்டை 'டீ' என்று சொன்னால் அந்தாள் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 'சப்பர்' என்றால் வேறு தரம். இருக்கிற மெத்தைக் கதிரைக்கு ஒரு சொல் சொன்னால் மேலே, இன்னொரு சொல் சொன்னால் கீழே. ஒருவர் சொன்னது கேட்காவிட்டால் 'பார்டன்' என்று திருப்பிக் கேட்பது கீழ்த்தட்டுப் பழக்கமாம். மேல்தட்டு ஆட்கள் முகத்துக்கு நேரே 'வாட்' என்பார்களாம்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லவேண்டாம். 'பார்டன்' என்று சொல்லாததற்காகக் கன்னியாஸ்திரியிடம் அடிமட்டத்தால் அடி வாங்கினவள் நான். அந்த மரியாதையையே நானும் பதினைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அது என்னவென்றால் அங்கே சின்ன ஆட்களின் பேச்சாம். இந்த உலகத்தை ஒரு காலத்தில் கட்டி ஆண்டவர்கள், கதிரைக்கு என்ன பெயர் சொல்கிறான் என்று பார்த்து ஒருத்தனை ஒருத்தன் விலக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். என்ன விசர்க்கூட்டம் இது என்று ரமணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

டெரெக்கின் கதை இன்னொன்று. ஒரு பின்னேரம் கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போனேன். கதவு அரைவாசி திறந்திருந்தது. யாரோ ஒரு புதிய ஆள் உள்ளே தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். அகலமான, இழுத்த, பாட்டுப்போன்ற ஒரு ஆங்கிலம். எட்டிப் பார்த்தால் டெரெக்தான். தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரே செக்கனில் குரல் மாறி, அலுவலக ஆங்கிலத்தில் "பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நான் கேட்டதை வெளியில் சொல்லவேண்டாம் என்றார். அந்த வாயை விட்டபிறகுதான் தனக்கு முதல் வேலை உயர்வு கிடைத்தது என்றார். ஐம்பது வயதில் ஒரு மனிசன் பெற்ற தாயின் பேச்சை ஒளித்து வைத்துக் கதைக்கிறான். பாவம் என்று நினைத்தேன். அதைவிட எரிச்சல்தான் கூட.

இனி, நிறங்கள். பிள்ளைகளின் திரையில் வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். பச்சை, மஞ்சள், சாம்பல். அந்த வீட்டின் தபால் குறியீட்டை வைத்துக் கணினி போடும் நிறம் அது. பச்சை என்றால் தோட்டமும் மதிலும் உள்ள தெருக்கள். சாம்பல் என்றால் நகரசபை கட்டிக் கொடுத்த மாடி வீடுகள். எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே கட்டணம். ஆனால் பச்சைக்கு அன்றைக்கே ஆளனுப்பலாம். சாம்பலுக்கு அடுத்துக் கிடைக்கும் நாள், மூன்றோ நாலோ நாள் கழித்து. இது ஏன் என்று நான் ஒருதரம் கேட்டேன். டெரெக் கண்ணை மூடாமலே பதில் சொன்னார். பச்சைக்காரர் கடிதம் எழுதுவார்கள், பத்திரிகைக்குச் சொல்வார்கள், கம்பனியை மாற்றுவார்கள். சாம்பல்காரர் காத்திருப்பார்கள்.

ஏழைகள் எல்லாம் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. சாம்பல் வட்டத்துக்குள்ளிருந்தும் எங்கள் பிள்ளைகளை நாறப் பேசினவர்கள் இருக்கிறார்கள், உன்ர நாட்டுக்குப் போ என்று. அந்தப் பிள்ளை தன்ர நாட்டில்தான் இருக்கிறாள் என்பதுகூட அவர்களுக்கு விளங்காது. பச்சைக்காரர் அப்படிப் பேசமாட்டார்கள். மிக அழகாக, "உங்களால் எனக்கு உதவ முடியாது என்று நினைக்கிறேன், இந்த நாட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுக்கிறீர்களா அன்பே" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

சாம்பலுக்கு ஒரு விலக்கு இருந்தது. திரையின் அடியில் 'விசேட கவனிப்பு' என்று ஒரு பெட்டி. வீட்டில் கைக்குழந்தையோ, நோயாளியோ, நல்ல வயதுபோனவர்களோ இருந்தால் அதில் சரி போடலாம். போட்டால் எந்த நிறமாக இருந்தாலும் அன்றைக்கே ஆள் போவான். ஆனால் வாடிக்கையாளர் தானாகச் சொல்லவேண்டும். நாங்கள் கேட்கக்கூடாது. கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள் என்பது கம்பனியின் பயம். கேட்டு வாங்கிச் சரி போட்டால், மற்ற வரிகளில் என்ன இருந்தாலும் அந்தத் தாளின் மொத்தம் பூச்சியம். நிரந்தரமாக்கப்படாத பிள்ளை என்றால் வேலையும் போகும்.

இப்போது ஷெரினுக்கு வருகிறேன்.

ஷெரின் நேர்முகத்துக்கு வந்தபோது இருபத்து மூன்று வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. ஆட்களை எடுக்கும் நேர்முகத்தில் குரலுக்கு நானும் இருப்பேன். ஆங்கிலத்தில் தொடங்கும் முன் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் தமிழில் ரெண்டு வார்த்தை கதைப்பது வழக்கம், பயம் தெளியட்டும் என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"இருப்பு எங்க பிள்ளை?"

"கொட்டாஞ்சேன மிஸ்."

"கொட்டாஞ்சேனையில எவடம்?"

"கோயிலுக்கு அங்கிட்டு, தோட்டத்துல மிஸ். அப்பா ஹார்பர்ல மூட்டை இறக்கினவர். இப்ப முதுகு ஏலாது, வீட்டுல."

தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. கொழும்பில் அதற்கு அர்த்தம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளும் பொதுக் குழாயும். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்த 'எவடம்' கேள்வி நல்லாகத் தெரியும். ஊரைக் கேட்போம், பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்போம், மூன்றாவது கேள்விக்கு அவசியம் வராது. அதுக்குள் ஆள் யார் என்று முடிவு கட்டியாயிற்று. அன்றைக்கு நான் கட்டினேன். ஷெரின் ஆங்கிலத்தில் சரளமாகக் கதைத்தாள், படபடப்பில்லாமல், தெளிவாக. அவளுக்கு முன் வந்த வெள்ளவத்தைப் பிள்ளை திக்கித் திக்கிக் கதைத்தது. அந்தப் பிள்ளைக்கு எட்டுப் போட்டேன். ஷெரினுக்கு ஆறு.

வேலைக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் பரீட்சார்த்த காலம், பிறகு நிரந்தரக் கடிதம். அந்தக் கடிதம் வந்தால் அவளுடைய வீட்டில் மாதம் முடிய நிச்சயமாகச் சம்பளம் வரும் ஒரே ஆள் அவள்தான். கன்டீனில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஐந்தாவது மாதம், அவளுடைய அழைப்பு ஒன்றைக் கணினி பொறுக்கி எனக்கு அனுப்பியது. நான் அதைக் கேட்டது ஒரு புதன்கிழமை, மூன்று மணியிருக்கும்.

சாம்பல் வட்டம். வடக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் மாடி வீடு. வயதான ஒரு ஆண் குரல். டெரெக் தாயோடு கதைத்தாரே, அதே பாட்டு ஆங்கிலம். கொதிகலன் முந்தநாளிலிருந்து வேலை செய்யவில்லை என்றார். ஷெரின் விவரம் எடுத்தாள். வரும் சனிக்கிழமைதான் ஆள் வரலாம் என்று விதிப்படி சொன்னாள். "அவசரமில்லை மகளே, எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை முதலில் பாருங்கள்" என்றார் அவர். விதிப்படி அதோடு நன்றி சொல்லி வைத்துவிடவேண்டும். ஷெரின் வைக்கவில்லை. பின்னால் யாரோ இருமிக்கொண்டிருப்பது பதிவிலும் கேட்டது.

"ஐயா, உங்களோடு வேறு யாரும் இருக்கிறார்களா?"

"என் மனைவி."

"சுகமாக இருக்கிறாரா?"

"நெஞ்சு அவளுக்கு எப்போதும் அப்படித்தான். போர்வைக்குள் கிடக்கிறாள்."

"என்ன வயது என்று கேட்கலாமா?"

எண்பத்திரண்டு என்றார். ஷெரின் பெட்டியில் சரி போட்டாள். இன்றைக்கே ஆள் வருவார் என்றாள். அதற்குக் கிழவர், "நான் அதைச் சொல்லியிருக்கமாட்டேன், உனக்குத் தெரியுமா" என்றார்.

நான் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். கோதாரி, என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாள். மூன்று கேள்வி, மூன்றும் கேட்கக்கூடாதவை. விதிப்படி எழுதினால் வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். எழுதாமல் நல்ல தாள் என்று விட்டால், மறுபடி செய்வாள். வேறொருவர் பிடிப்பார். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் கேட்டனீர் என்று.

"அவங்க சொல்ல மாட்டாங்க மிஸ்," என்றாள். "எங்க அப்பாவும் அப்படித்தான். பெரியாஸ்பத்திரில வரிசைல நிக்கிறப்போ நோவு உயிர் போகும், டொக்டர் கேட்டா பரவால்லன்னு சொல்வாரு. நாமளா கேட்டாத்தான் வாயில வரும். அந்த மனுசன் பேசினதுமே எனக்கு வெளங்கிருச்சு."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டித்தனமான யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன். பதினோராவது வரியில் ஐந்துக்குக் கீழே போட்டால், அந்தப் பிள்ளையைத் தொலைபேசியிலிருந்து எடுத்து மின்னஞ்சல் பகுதிக்கு மாற்றுவார்கள். வேலை போகாது. பரீட்சார்த்த காலம் முடிந்ததும் நிரந்தரக் கடிதமும் வரும். கேட்கக்கூடாததைக் கேட்டாளா என்ற வரியில், இந்த அழைப்புக்குப் பொருந்தாது என்று ஒரு கோடு போட்டு விட்டேன். பதினோராவது வரியில் நாலு போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'பேச்சு வழக்கு காரணமாக வாடிக்கையாளர் விளங்கிக்கொள்ளச் சிரமப்பட்டார்' என்று எழுதினேன்.

சுத்தப் பொய். அந்த மனிசன் ஒரு இடத்தில்கூடத் திருப்பிச் சொல் என்று கேட்கவில்லை. ஆனால் பிடிபடாத பொய் என்று எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பிள்ளையின் குரல் சரியில்லை என்று வெள்ளவத்தை யோகா மிஸ் எழுதினால் யார் பதிவைப் போட்டுக் கேட்கப் போகிறார்கள்? நான் நினைத்தபடியே நடந்தது. டெரெக் தாளைப் பார்த்தார், கையெழுத்தை வைத்தார். கண்ணை மூடவும் இல்லை, விரலைத் தூக்கவும் இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய சந்தோஷம்.

ஒவ்வொரு தாளிலும் அந்தப் பிள்ளையும் வாசித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வியாழக்கிழமை ஷெரின் தாளோடு என் மேசைக்கு வந்தாள். கையெழுத்து இல்லை.

"மிஸ், இதுல பொய் எழுதியிருக்கீங்க."

"மெல்லக் கதையும். உம்மட வேலையைக் காப்பாத்தினனான். விளங்குதோ?"

"வெளங்குது மிஸ். நான் கேட்டது பிழைன்னா அதப் பிழைன்னு எழுதுங்க. வேல போனா போகட்டும். நான் கேட்டேன், திரும்பக் குடுத்தாலும் கேப்பேன்."

"விசர்க்கதை கதைக்காதையும். கொப்பர் முதுகு ஏலாம வீட்டில. மின்னஞ்சலில இருந்தா மாசம் முடியச் சம்பளம் வரும்."

அவள் தாளை என் பக்கம் திருப்பி அந்த வசனத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வாயத்தான் நான் நாளைக்கி வேற எடத்துக்கும் கொண்டு போகணும் மிஸ். இது எங்க அம்மா வாய். எங்க தோட்டமே இந்த வாய்லதான் பேசுது. வெளங்கலன்னு யாரு சொன்னா? அந்த மனுசனுக்கு வெளங்கிச்சு. எனக்கு அவர வெளங்கிச்சு. ஒங்களுக்கு மட்டும் எப்படி மிஸ் வெளங்காமப் போச்சு?"

நன்றி கெட்டது என்றுதான் எனக்கு முதலில் வந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. அவள் போனபின் ஒரு மணித்தியாலம் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தேன். பிறகு வேறு ஒரு அலுவலாக மின்னஞ்சல் பகுதிக்குப் போனேன். சுவர்ப் பக்கமாக வரிசையாக ஒன்பது மேசை. தலை குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்று பார்த்தேன். நாலு பேர் கொட்டாஞ்சேனை. இரண்டு பேர் கொச்சிக்கடை. ஒரு பிள்ளை புறக்கோட்டைப் பக்கம், தகப்பன் நாட்டாமை வேலை செய்பவர், கடைகளுக்கு மூட்டை தூக்குபவர். மற்ற இரண்டு பேர் எங்கே என்று எனக்கு ஞாபகம் வரவில்லை, ஆனால் வெள்ளவத்தையும் இல்லை, பம்பலப்பிட்டியும் இல்லை. எல்லோருக்கும் பதினோராவது வரியில் ஐந்துக்குக் கீழே. எல்லாத் தாளிலும் கையெழுத்து என்னுடையது. ஷெரினுக்கு நான் வேண்டுமென்று பொய் எழுதினேன். இந்த ஒன்பது பேருக்கும் உண்மை என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. கதிரைக்கு என்ன பெயர் சொல்கிறான் என்று பார்க்கிற விசர்க்கூட்டம் என்று நான் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவர்களுக்கு அவன் வாயிலிருந்து ஒரு சொல்லாவது வேண்டியிருந்தது. எனக்கு ஒரு முகவரி போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டெரெக்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் அந்தப் பதிவைப் போட்டார். கண்ணை மூடினார். ஷெரின் வணக்கம் சொன்னாள், கிழவர் கதைத்தார், அந்தப் பாட்டு ஆங்கிலம் அறை முழுக்கக் கேட்டது. நான் டெரெக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது அசையும் என்று. ஒன்றும் அசையவில்லை. முதல் கேள்விக்குச் சுட்டுவிரல் எழும்பியது. இரண்டாவதுக்கு அடுத்த விரல். மூன்றாவதுக்கு மூன்றாவது. அவ்வளவுதான். பதிவு முடிந்தது, கண்ணைத் திறந்தார்.

"மூன்று பிழை. மூன்றும் கேள்விகள். குரலில் ஒரு பிழையும் இல்லையே. நல்ல குரல். நாலு போட்டது யார்?"

"நான்."

"நீங்கள் போட்டதால்தான் நான் கேட்காமல் கையெழுத்து வைத்தேன். உங்களுடைய ஆட்களை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நான் அந்தக் கேள்விகளுக்காக வாதாடினேன். அந்தக் கிழவிக்கு எண்பத்திரண்டு வயது, சனிக்கிழமைவரை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். விதியை எழுதியது தான் அல்ல என்றார். உங்கள் தாய் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்று வாய் வரைக்கும் வந்தது. அதையும் கேட்டேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து மற்ற மூன்றோடும் நேராக வைத்தார். அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள் என்றார். பிறகு ஷெரினின் பெயரை எழுதி, அன்றோடு நிறுத்தம் என்று போட்டார். பொய்த் தாளுக்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு எச்சரிக்கை வந்தது, அவளுக்கு வேலை போனது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தாளைக் கிழித்துப் புதிதாக எழுத விதியில்லை. அதே தாளில் பிழையான இலக்கத்தை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, வெட்டின ஒவ்வொரு இடத்திலும் நானும் அந்தப் பிள்ளையும் பெயரின் முதலெழுத்தைப் போடவேண்டும். நான் மேசைக்குப் போய், காதுக் கருவியை மாட்டி, பதிவை முதலிலிருந்து கடைசிவரை இன்னொருதரம் கேட்டேன். இந்தமுறை குரலை மட்டும். ஒரு சொல் விழுங்கவில்லை. ஒரு இடத்தில் அவசரமில்லை. அந்தக் கிழவரை வாய் திறக்க வைத்தது அந்தக் குரல்தான். விதியை மீறிய அந்த வரிக்குப் பூச்சியம் போட்டு, காரணத்தை உள்ளபடி எழுதினேன். பிறகு பதினோராவது வரிக்கு வந்தேன். நாலை வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்.

எழுதி முடித்துப் பார்த்தால் ஏழு.

சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. ஒன்பது மேசையையும் பார்த்துவிட்டு வந்தவள், வெட்கப்பட்டவள், அவளுக்காக வாதாடினவள், சற்று முன்தான் காது நிறைய அந்தக் குரலைக் கேட்டவள். கை ஏழு என்று எழுதியிருக்கிறது. அதையும் வெட்டினேன். பத்து என்று போட்டேன்.

நாலு மணிக்கு ஷெரின் வந்தாள். தோளில் பை, அடையாள அட்டையை ஏற்கெனவே கழற்றிக் கொடுத்துவிட்டாள். நிற்கவைத்தே தாளைக் கொடுத்தேன். காரணம் எழுதியிருந்த இடத்தை முதலில் வாசித்தாள். தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. பிறகு பதினோராவது வரிக்கு வந்தாள். வெட்டின நாலுக்குப் பக்கத்தில் தன் எழுத்தைப் போட்டாள். அடுத்ததில் பேனை நின்றது.

"மிஸ், நாலு எனக்கு வேல இருக்கட்டும்னு போட்டீங்க. பத்து, கேட்டுட்டுப் போட்டீங்க. நடுவுல இந்த ஏழு?"

அவள் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். பிறகு ஏழுக்குப் பக்கத்திலும் எழுத்தைப் போட்டுவிட்டு, தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அந்த ஏழுக்குப் பக்கத்தில் என் எழுத்து இன்னும் போடாமல் இருந்தது.